லேபிள் உரித்த டப்பாக்கள்

பிப்ரவரி 3, திங்கள்

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் முதலாளிக்குக் கொடுக்கும் டைரி இந்த முறை என்னிடம் வந்துவிட்டது. "எனக்கு இதுல எழுத என்னம்மா இருக்கு, எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, நீயே வச்சுக்க" என்று நீட்டினார். ஓசியில் கிடைத்ததை அவர் தூக்கிக் கொடுப்பதே அதிசயம். ஒரு மாதம் பையில் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நிறப் பட்டை போட்டிருக்கிறார்கள். இன்றைக்குச் சாம்பல் கலந்த நீலம். கருப்பு நாலு சொட்டு, நீலம் ஒன்பது, மஞ்சள் அரைச் சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு கலப்பேன்.

சரி, எழுதித்தான் பார்ப்போமே. யாரும் படிக்கப் போவதில்லை என்றால் உண்மையை எழுதலாம். எனக்கு ஐம்பது வயது. பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவள். பதினெட்டு வருடமாக எச்.ஐ.வி.யோடு இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த வருடம்தான் எனக்கும் இருப்பது தெரிந்தது. அப்போது மகளுக்கு நாலு வயது. அவளுக்கு இல்லை. மூன்று தடவை பரிசோதித்தும் இல்லை. அன்றைக்குச் சொன்ன நன்றியை யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் சத்தமாகவே சொன்னேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதை ஒரு தாளில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 4

மாத்திரை: பதினொரு மணி, சரக்கறை. தண்ணீர் இரண்டு மடக்கு. முடிந்தது வேலை.

பிப்ரவரி 10

மகள் பத்திரமாக ஒளித்து வைத்ததுபோல ஒரு செய்தி சொன்னாள். நில அளவைப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். இரண்டு வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மூன்று வருடமாகப் பார்சல் கம்பெனியில் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அலுத்துவிட்டது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "கிடைச்சாத்தான் பேச்சு, இப்பவே ஆரம்பிச்சுடாத" என்றாள். நான் எதையும் ஆரம்பிக்கவில்லை. மனதுக்குள் கட்டணத்தைக் கட்டி, பெட்டியையும் கட்டி அனுப்பிவிட்டேன்.

அதற்கென்று வைத்திருக்கும் பணம் இருக்கிறது. ஒன்பது வருடச் சேமிப்பு.

பிப்ரவரி 18, செவ்வாய்

மருத்துவமனை நாள். இரண்டு பஸ், இரண்டே கால் மணி நேரம். வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இதே மாத்திரை தரும் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே வரிசையில் நின்றால் கடைக்கு வரும் பெயிண்டர்களில் பாதிப் பேர் என்னைப் பார்ப்பார்கள். அதனால் இத்தனை வருடமும் தூரத்துக்கே போகிறேன். மாத்திரை இலவசம்தான். மற்றதெல்லாம் காசு. பஸ், அரை நாள் லீவு, அங்கே செய்யாத ரத்தப் பரிசோதனைகளை வெளியே செய்வது, எலும்புக்கு எடுக்கும் படம். மாத்திரையே சும்மா வருகிறபோது மற்றதற்கு மூக்கால் அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த மாத்திரை விலைக்கு என்றால் நான் எப்போதோ போட்டோவாகி மாலையோடு தொங்கியிருப்பேன்.

ஜனவரியில் சிறுநீரக எண் இறங்குகிறது என்று மாத்திரையை மாற்றினார்கள். பழையது சிறுநீரகத்துக்கு ஆகவில்லையாம். தூரத்திலிருந்து வருகிறேன் என்று புதியதில் ஆறு டப்பாவாகக் கொடுத்தார்கள். இன்றைக்கு எண் ஏறியிருக்கும் என்று நம்பிப் போனேன். 60 இருந்தது 57 ஆகியிருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருப்பாள். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாத்திரையை ஒழுங்கா எடுக்கறீங்கதானே?" என்றாள்.

"ஒரு நாள் தவறினது இல்லை டாக்டர்."

"தெரியும், உங்களைப் பத்தித் தெரியும். அதான் புரியல. ஏப்ரல்ல இன்னொரு தடவை பார்ப்போம். அதுலயும் இறங்கினா அடுத்த மாத்திரை இங்க கவுண்டர்ல கிடையாது. வெளியில வாங்கணும். சிறுநீரக டாக்டர்கிட்டயும் போகணும்."

"எவ்வளவு நாளைக்கு வாங்கணும்?"

அவள் பேனாவை மூடினாள். "இருக்கற வரைக்கும்."

வெளியே லாரி அண்ணன் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஓட்டுவதில்லை. என்னைவிட இரண்டு வருடம் மூத்த நோயாளி. என் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன தங்கச்சி, பரீட்சையில ஃபெயிலா?" என்றார். எண்ணைச் சொன்னேன். "நான் அம்பதுல நின்னுக்கிட்டு காலத்தை ஓட்டறேன், நீ அம்பத்தேழுக்கு அழறியே" என்று தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றினார். அவருக்கும் நன்றி எழுதி வைக்கிறேன். நேரில் சொன்னால் கிண்டல் செய்வார்.

பிப்ரவரி 19

"இருக்கற வரைக்கும்." நோய் தெரிந்த புதிதில், ஐந்து வருடம்தான் இருப்பேன் என்று நினைத்தபோது இந்த வார்த்தை இவ்வளவு பெரிதாக இல்லை.

மார்ச் 3, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது! மகள் கடைக்கே ஓடி வந்தாள். நான் ஒரு வீட்டுக்காரம்மாவுக்கு வெள்ளை கலந்துகொண்டிருந்தேன். சுவரிலிருந்து நகம் அளவு காரையைப் பெயர்த்துக் கொண்டுவந்து, "இதே வெள்ளை வேணும்" என்று நின்றார் அந்த அம்மா. எங்கள் அட்டையில் நாற்பத்திரண்டு வெள்ளை இருக்கிறது. பால், தந்தம், சாம்பல், நீலம் ஓடியது, மஞ்சள் ஓடியது. வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முப்பத்தொன்று என்றேன். டப்பாவைத் திறந்து ஒரு பொட்டு மூடியில் வைத்துக் காட்டியதும் அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். முதலாளி உள்ளேயிருந்து, "லேபிள், லேபிள்" என்று கத்தினார். லேபிள் ஒட்டாத டப்பா கடையைத் தாண்டக் கூடாது என்பது அவருக்கு வேத வாக்கு.

அந்த அம்மா முன்னாலேயே கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு மகளைக் கட்டிப்பிடித்தேன். அவள் சட்டையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. "முப்பத்தொண்ணா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

முதல் கட்டணம் ஜூன் 10க்குள் கட்ட வேண்டும்.

மார்ச் 11

எங்களைத் தெரியாத பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் போய் அந்த அடுத்த மாத்திரையின் விலையைக் கேட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி, "தூரத்துச் சொந்தக்காரருக்கு" என்றேன். அந்த ஆள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, விலையைச் சொன்னார். மாதத்துக்கு என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மகளின் இரண்டு வருடக் கட்டணம் எனக்குப் பத்தொன்பது மாத மாத்திரை. அவள் வாழ்க்கையின் நிலம் அளக்கிற வேலையை எடுத்து என் சிறுநீரகத்துக்குப் போட்டால் பத்தொன்பது மாதம் வரும். அதற்குப் பிறகு?

மார்ச் 12

நேற்று எழுதியது தப்பு. எனக்கு நோய் வந்த வருடம் இந்த மாத்திரையெல்லாம் சும்மா கிடைக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவர் கடைசி மாதங்களில் விலை கொடுத்து வாங்கினோம், பாதி அளவுதான் வாங்க முடிந்தது, பாதி அளவு மாத்திரை ஒன்றுக்கும் ஆகாது என்று பிறகுதான் சொன்னார்கள். எனக்குப் பதினெட்டு வருடமாக முழு அளவு கிடைக்கிறது. புலம்ப எனக்கு வாய் இல்லை.

ஆனாலும் பயமாக இருக்கிறது.

மார்ச் 26

சொல்லிடலாமா அவகிட்ட? என்னன்னு சொல்றது — கட்டணம் இல்லைன்னு சொன்னா ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா எத்தனை நாளான்னு கேப்பா. பதினெட்டு வருஷம்னு எந்த வாயால சொல்றது? மாத்திரையைப் பார்த்து அவ கேட்டப்பல்லாம் கால்சியம் கால்சியம்னு புளுகின வாயாலயா?

ஏப்ரலில் எண் ஏறிவிட்டால் ஒன்றுமே சொல்ல வேண்டாம். அதுவரை வாயைத் திறப்பதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

52.

ஏப்ரல் 9

நேற்று எழுத முடியவில்லை. டாக்டர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். மே மாதக் கடைசியில் கடைசியாக ஒரு பரிசோதனை, அதற்குள் சிறுநீரக டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், வெளி மாத்திரைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றாள். "உதவி நிதிக்கு எழுதிப் பார்க்கறேன், ஆனா நம்பி இருக்காதீங்க" என்றும் சொன்னாள். நம்பி இருக்காதே என்று நேராகச் சொன்னதற்காகவே அவளைக் கும்பிடத் தோன்றியது. இனிக்க இனிக்கப் பேசி அனுப்புகிறவர்களிடம் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன்.

லாரி அண்ணன் நேற்று ஜோக் அடிக்கவில்லை. "பொண்ணுகிட்டச் சொல்லிடு. நீயா சொன்னா ஒரு மாதிரி, வேற வழியில தெரிஞ்சா வேற மாதிரி" என்றார். அவர் மகனுக்கு வேறு வழியில்தான் தெரிந்தது. நாலு வருடம் பேசவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக யோசித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "ஜூன்ல கட்டவேண்டிய பணம் எனக்கு வேணும்டி" என்றுதான் வந்தது. எதற்கு என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். முதலில் பணம், பிறகு சிறுநீரகம், பிறகு மாத்திரை, கடைசியில் நோயின் பெயர், எல்லாவற்றுக்கும் கடைசியில் அப்பா.

அவள் துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எனக்கு?"

"உனக்கு இல்ல. மூணு தடவை பார்த்தாச்சு. காகிதம் வச்சிருக்கேன், காட்டவா?"

"வேணாம்."

எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ஓடிற்று. நான் மேசையின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்று நினைத்தேன். கோபம்.

"பதினெட்டு வருஷம். நான் யாரு உனக்கு? வாடகைக்கு இருக்கற பொண்ணா? காய்ச்சல்னு நீ படுத்தப்பல்லாம் நான் பக்கத்துக் கடையில காய்ச்சல் மாத்திரை வாங்கிட்டு வந்து நின்னேனே, முட்டாள் மாதிரி. சிரிப்பா இருந்துச்சா உனக்கு?"

"உன்னைப் பள்ளிக்கூடத்துல ஒதுக்கிடுவாங்கன்னு..."

"நான் பள்ளிக்கூடம் முடிச்சு நாலு வருஷம் ஆச்சும்மா."

நாலு வருடமாக ஏன் சொல்லவில்லை? ஒளிப்பது பழகிவிட்டது. அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதுபோல அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாத்திரையெல்லாம் எங்க வச்சிருக்க? காட்டு" என்றாள். அலமாரி மேலிருந்த சூட்கேஸை இறக்கினேன். கம்பளிகளுக்கு அடியில் வெள்ளை டப்பாக்கள். எல்லாவற்றிலும் லேபிளை வெந்நீரில் ஊறவைத்து எண்ணெய் போட்டு உரித்துவிடுவேன். ஒரு எழுத்து மிச்சம் இருக்காது. வரிசையில் நிற்கிற எல்லாரும் இதைச் செய்கிறோம். லாரி அண்ணன் கத்தியால் சுரண்டுவார், நான் சுத்தமாக உரிப்பேன் என்று எனக்கு அதில் பெருமை வேறு.

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"இடப் பக்கம் பழசு, வலப் பக்கம் புதுசு."

பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுக்கவில்லை. ஒரு தடவை பத்து நாள் தொடர்ந்து கவுண்டரில் மாத்திரை இல்லாமல் போனதிலிருந்து எங்களில் யாரும் ஒரு மாத்திரையையும் திருப்பிக் கொடுப்பதில்லை. அவசரத்துக்கு என்று பதுக்கி வைப்போம். இதையும் சொன்னேன்.

அவள் டப்பாக்களை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். பிறகு என் கைப்பையில் இருந்த, தினமும் கடைக்குக் கொண்டுபோகிற டப்பாவையும் எடுத்துத் திறந்தாள். பார்சல் கம்பெனியில் பெட்டிகளைப் பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியும்.

"புதுசு எத்தனை டப்பா குடுத்தாங்க?"

"ஆறு."

"எப்ப?"

"ஜனவரியில."

"மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆறும் முழுசா அப்படியே இருக்கே. மூடிக்குள்ள ஒட்டியிருக்கற தாள்கூடக் கிழியல. நீ எதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்க?"

ஏப்ரல் 14

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இப்போது கடையில், கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஜனவரியில் புது டப்பாக்களை வலப் பக்கம் வைத்தேன். அன்று சாயங்காலமே கம்பளி எடுக்கப் பெட்டியை இறக்கி, திரும்ப மேலே வைக்கும்போது திருப்பி வைத்திருக்கிறேன். கைப்பிடி சுவர்ப் பக்கம் போய்விட்டது. இடம் வலமாகிவிட்டது. மறுநாளிலிருந்து வலப் பக்கத்திலிருந்து எடுத்து, எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களோ அதையே ஒரு நாள் தவறாமல், கடிகாரம் பார்த்து, போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் இரண்டு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "நீதானே நாப்பத்திரண்டு வெள்ளை பார்க்கறவ. பாரு."

பார்த்தேன். ஒன்றில் நீலம் ஓடியிருந்தது, ஒன்றில் மஞ்சள். எட்டடி தூரத்திலிருந்தே சொல்லியிருப்பேன். எழுத்தைக்கூடப் படிக்க வேண்டியதில்லை. அட்டையில் வைத்தால் ஒன்று பதினாலு, இன்னொன்று இருபத்தாறு. ஆனால் நான் பார்த்ததே இல்லை. சரக்கறைக்குள் போய், கதவைப் பார்த்துக்கொண்டே, டப்பாவைக் கவிழ்த்து, வாயில் போட்டு, தண்ணீர் குடித்து — யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று கதவைத்தான் பார்ப்பேன். பதினெட்டு வருடம் என்னை உயிரோடு வைத்திருப்பதை ஒரு நாளும் முகம் பார்க்கவில்லை.

நன்றி கெட்டவள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மகளிடம் அதைச் சொன்னபோது, "அதுக்கெல்லாம் மாத்திரை கோவிச்சுக்காது. சிறுநீரகந்தான் கோவிச்சுக்கும்" என்றாள். நேற்று முழுக்க அவள் என்னிடம் பேசிய ஒரே வேடிக்கை வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு பஸ்ஸிலும் ஜன்னலோரம் அவளே உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரிடம் மகள்தான் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "அப்பாடா" என்றாள். "எனக்குக் காரணம் தெரியாம நாலு ராத்திரி தூக்கம் இல்ல. இது காரணம்னா இது நல்ல காரணம்." பிறகு கொஞ்சம் திட்டவும் செய்தாள். வாங்கிக்கொண்டேன். சிறுநீரக டாக்டர், ஸ்கேன் எல்லாவற்றையும் தள்ளிவைத்தாள். புது மாத்திரையை ஒழுங்காகப் போட்டு ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். "ஏறும்னு நினைக்கறேன். ஆனா கெட்டுப்போன அளவு முழுசும் திரும்புமான்னு சொல்ல முடியாது" என்றாள். நேர்மையான பெண்.

மருந்துக் கவுண்டர்காரரிடம் மிச்சப் பழைய மாத்திரைகளைக் கொடுத்தேன். அவர் ஒருவரைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும். பதினோரு வருடமாக என் பெயரைக் கூப்பிடாமல் விரலால் மட்டும் கூப்பிடுகிறவர். யாருக்கும் கேட்டுவிடக் கூடாதாம். டப்பாவை வாங்கிப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாரு உரிச்சது?" என்றார். மகள் முறைத்தாள்.

லாரி அண்ணன் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தங்கச்சி, நானும் ரெண்டு வகை வச்சிருக்கேன். ரெண்டுலயும் சுரண்டிட்டேன்" என்றார். மத்தியான பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடினார்.

ஏப்ரல் 17

லாரி அண்ணன் போன் செய்தார். அவருடையது சரியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் இரண்டு டப்பா காலாவதி ஆகிப்போயிருக்கிறது. "உன்னால பொழைச்சேன்" என்றார். என்னால் இல்லை, என் மகளால்.

மே 2

மகள் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். திடீரென்று பாத்திரம் கழுவும்போது, "அன்னிக்குப் பள்ளிக்கூட விழாவுக்கு நீ வராதது இதனாலயா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். பதினெட்டு வருடத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள். பார்க்கட்டும். அவளுடைய வருடங்களும்தானே அவை.

இன்றைக்குக் கேட்டது: "அப்பா நல்லவரா?"

"நல்லவர். அவருக்கும் தெரியாது" என்றேன். அதை நான் சொன்னதும் எனக்கே தெளிவாயிற்று. அவர்மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை.

மே 6

பதினொரு மணி. மாத்திரையை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். முதலாளி, "என்னம்மா, உடம்புக்கு?" என்றார். "தினமும் போடறதுதான் சார்" என்றேன். "சரி" என்று பில் போடப் போய்விட்டார். இவ்வளவுதானா? இத்தனை வருடம் சரக்கறையில் ஒளிந்தேனே!

மே 19

விலையைப் பற்றி யோசித்தேன். இந்தத் தப்புக்கு ஆன செலவு: இரண்டு வெளிப் பரிசோதனை, நாலு நாள் லீவு, பஸ், சிறுநீரகத்தில் எட்டு எண். ஒளிப்பதற்கு மட்டும் ஆன செலவு இது. நோய்க்கு ஆனது தனி. பக்கத்திலேயே மருத்துவமனை இருக்க இரண்டே கால் மணி நேரம் போனேனே, பதினெட்டு வருடம் போட்டுப் பார்த்தால் மகளின் ஒரு வருட விடுதிக் கட்டணம் வந்திருக்கும்.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "பக்கத்துக்கே மாத்திக்கம்மா." மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். அந்தப் பெஞ்சையும், விரலால் கூப்பிடுகிறவரையும், பாதி டீயையும் விட்டு வர மனம் இல்லை. அது செலவு இல்லை. அவர்களைப் பார்க்க நான் கொடுக்கிற பஸ் காசு.

ஜூன் 3, செவ்வாய்

பரிசோதனைக்கு மே 27இல் ரத்தம் கொடுத்தது. இன்றைக்கு முடிவு. மகள் வேலைக்குப் போகாமல் வந்தாள். டாக்டர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அவளே சொல்லியிருக்கலாம், எங்களையே பார்க்க விட்டாள்.

61.

மகள் சத்தம் போட்டு அழுதாள். இரண்டு மாதமாக அவள் அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்தாள். "வெளி மாத்திரை இப்போதைக்குத் தேவையில்ல. ஆனா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்த டெஸ்ட், எலும்பு, கொழுப்பு, பல். வயசாகுது உங்களுக்கு. இனி வயசுக்கும் சேர்த்துச் செலவு பண்ணணும்."

வயதாகிறது என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. வெளியே வந்து லாரி அண்ணனிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். எண்ணை அப்புறம் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

கட்டணம் கட்டியாயிற்று. ரசீதை மகள் தன் கோப்பில் வைத்துக்கொண்டாள். சேமிப்பில் அடுத்த கட்டணங்கள் போக மிச்சம் இருப்பதைத் தனியாக ஒரு கணக்கில் போட்டாள், பரிசோதனைகளுக்கு என்று. "இதை என் படிப்புக்கு எடுத்தா கொன்னுடுவேன்" என்று என்னை மிரட்டினாள். யார் யாரை மிரட்டுவது என்று வரைமுறை இல்லை இந்த வீட்டில்.

ஜூன் 29

விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். வீடு பெரிதாகிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்துக்காரர் கடைக்கு வந்திருந்தார். வருடம் ஒரு முறை ஜூலையில் வருவார், வேலை செய்கிறவர்களைச் சேர்த்துவிட. சம்பளத்தில் மாதம் கொஞ்சம் பிடித்து முதலாளியும் கொஞ்சம் போட்டு வயதான பிறகு தருவது. நான் இங்கே சேர்ந்த முதல் வருடம் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சாக்கு. ஐந்து வருடம் தாண்டாது என்று நினைத்திருந்தவள் எதற்கு வயதான காலத்துக்குப் பணம் கட்டுவாள்? அதைச் சொல்ல முடியுமா? கையில் காசாகவே கொடுத்துவிடுங்கள் என்பேன். நாலைந்து வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார்.

இன்றைக்கும் கேட்கவில்லை. நான் நிறம் கலக்கும் இயந்திரத்தைத் தாண்டிப் புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் போய் நின்றார். நான்தான் கையைத் துடைத்துக்கொண்டு போய், "எனக்கும் ஒரு பாரம் குடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முதலாளியும் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். தன் பங்கும் கட்ட வேண்டுமே என்ற கவலை அவருக்கு. ஆனால் பேனாவை அவர்தான் நீட்டினார்.

"அக்கா, லேட்டா சேர்றீங்க. நடுவுல எடுக்க முடியாது. அறுபத்தஞ்சு வயசு முடிஞ்சாத்தான் கைக்கு வரும். இன்னும் பதினஞ்சு வருஷம். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு. அறுபத்தஞ்சுல நானே வந்து வாங்கிக்கறேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

நாலு இடத்தில் போடச் சொன்னார். நாலிலும் போட்டேன்.